கல்லூரிக் கல்வி ஆலோசனை (ஐக்கிய அமெரிக்கா)

கல்லூரிக் கல்வி ஆலோசனை என்பது, ஒரு மாணவர் தமது பட்டப்படிப்பைத் திட்டமிட்டு முடிப்பதற்குக் கல்லூரியின் ஆசிரியரோ, அதற்கென அமர்த்தப்பட்ட அலுவலரோ அளிக்கும் வழிகாட்டுதலைக் குறிக்கும். எந்தத் துறையைத் தேர்ந்தெடுப்பது, எந்தப் பருவத்தில் எந்தப் பாடங்களைப் படிப்பது, தேர்ச்சி குறைந்தால் என்ன செய்வது, படிப்புக்குப் பின் எந்த வழியில் செல்வது ஆகிய கேள்விகள் இதில் அடங்கும். இப்பணியைச் செய்பவர் கல்வி ஆலோசகர் எனப்படுகிறார். ஆலோசகர் துறைப் பேராசிரியராகவும் இருப்பின் அவரை ஆசிரிய ஆலோசகர் என்பர்.

ஐக்கிய அமெரிக்காவின் ஏறத்தாழ எல்லாக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இம்முறை உள்ளது. அந்நாட்டில் மாணவர் தமது பாடங்களைப் பெரும்பாலும் தாமே தேர்ந்தெடுக்கிறார். இந்தத் தேர்வுரிமையின் உடன்விளைவாகத் தோன்றியதே கல்வி ஆலோசனை. தேர்வில் நேரும் பிழை உடனடியாகத் தெரிவதில்லை. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் கழித்து, பட்டம் தள்ளிப்போகும்போதுதான் அது வெளிப்படும். அத்தகைய பின்விளைவுகளை முன்கூட்டியே மாணவருக்குக் காட்டுவது ஆலோசகரின் முதன்மைக் கடமையாகும். முடிவெடுப்பவர் மாணவரே.

பின்னணி: பட்டப்படிப்பின் அமைப்பு

ஆலோசனையின் தேவையை அறிய அமெரிக்க இளநிலைப் பட்டப்படிப்பின் அமைப்பை அறிவது அவசியம். இப்படிப்பு பொதுவாக நான்கு ஆண்டுகள், அதாவது எட்டுப் பருவங்கள் கொண்டது. ஒவ்வொரு பாடத்திற்கும் கிரெடிட் எனப்படும் மதிப்பலகுகள் உண்டு. பெரும்பாலான பாடங்கள் 3 அல்லது 4 மதிப்பலகுகள் கொண்டவை. பட்டம் பெறப் பொதுவாக 120 மதிப்பலகுகள் தேவை. இவை மூன்று வகைப்படும்.

- பொதுக் கல்விப் பாடங்கள்: எழுத்துப் பயிற்சி, கணிதம், அறிவியல், வரலாறு, கலைகள் போன்றவை. துறை எதுவாயினும் இவற்றைப் படிக்க வேண்டும்.
- முதன்மைத் துறைப் பாடங்கள்: மாணவர் தேர்ந்தெடுத்த துறைக்குரியவை.
- விருப்பப் பாடங்கள்: மாணவர் தம் விருப்பப்படி எடுப்பவை.

பல கல்லூரிகளில் சேரும்போதே முதன்மைத் துறையை அறிவிக்க வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டின் இறுதிக்குள் அறிவித்தால் போதும். அறிவித்த பின்னரும் மாற்றிக்கொள்ளலாம். 2011–12 கல்வியாண்டில் இளநிலைப் பட்டப்படிப்பில் சேர்ந்து துறையை அறிவித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், மூன்று ஆண்டுகளுக்குள் அதை ஒரு முறையேனும் மாற்றியிருந்ததாக அமெரிக்கக் கல்விப் புள்ளிவிவர மையம் 2017 இல் தெரிவித்தது.

நான்கு ஆண்டுப் படிப்பு எனப்பட்டாலும் பலர் அக்காலத்திற்குள் முடிப்பதில்லை. எனவே பட்டம் பெறும் விகிதத்தை ஆறு ஆண்டுகளுக்குக் கணக்கிடுவது வழக்கம். 2014 இல் நான்கு ஆண்டுக் கல்லூரிகளில் முதன்முறையாக முழுநேர மாணவராகச் சேர்ந்தவர்களில் 64 விழுக்காட்டினரே சேர்ந்த கல்லூரியிலேயே 2020 க்குள் பட்டம் பெற்றனர். எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் வேறு கல்லூரிகளுக்கு மாறியிருக்கலாம். பட்டம் பெறாமலே படிப்பைக் கைவிட்டவர்களில் பலருக்கோ கல்விக் கடன் மிஞ்சுகிறது.

வரலாறு

தொடக்க காலம்

1636 இல் நிறுவப்பட்ட ஹார்வர்ட் முதலான பழைய அமெரிக்கக் கல்லூரிகளில் எல்லா மாணவர்களும் ஒரே பாடங்களையே படித்தனர். இலத்தீனம், கிரேக்கம், கணிதம், தருக்கம், அறவியல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கல்லூரித் தலைவரும் ஆசிரியர்களும் பெற்றோரின் இடத்திலிருந்து மாணவரின் ஒழுக்கத்தைக் கண்காணித்தனர். தேர்ந்தெடுக்க எதுவும் இல்லாததால் பாடத்தேர்வு பற்றிய ஆலோசனைக்கு இடமிருக்கவில்லை.

ஒஹாயோ மாநிலத்தின் கென்யன் கல்லூரியில், ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆசிரியரைத் தமக்கு ஆலோசகராகவும் நண்பராகவும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதி 1841 இல் வந்தது. அங்கு அப்போது மாணவராக இருந்தவரும், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானவருமான ரதர்ஃபோர்டு ஹேய்ஸ் தம் அன்னைக்கு எழுதிய கடிதத்தில் இச்செய்தி காணப்படுகிறது. ஆசிரிய ஆலோசகர் முறை பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

விருப்பப் பாட முறை

1862 ஆம் ஆண்டின் மோரில் சட்டத்தால் வேளாண்மை, பொறியியல் ஆகியவற்றுக்கான கல்லூரிகள் பெருகின. புதிய துறைகளும் தோன்றின. 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களைப் படிப்படியாக நீக்கி விருப்பப் பாட முறையை விரிவுபடுத்தினார். 1890களில் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி போன்ற மிகச் சிலவே அங்கு கட்டாயமாக எஞ்சியிருந்தன. மாணவர் பலர் பாடங்களின் வரிசையை நோக்காது, எளிய பாடங்களையும் வசதியான நேரங்களையும் நாடினர் என்ற குறை எழுந்தது. 1889 இல் ஹார்வர்ட் முதலாண்டு மாணவர்களுக்கான ஆலோசகர் குழு ஒன்றை அமைத்தது.

1876 இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வேறொரு வழியைக் கையாண்டது. அதன் முதல் தலைவர் டேனியல் கில்மன், பாடங்களைத் தொகுதிகளாக அமைத்து, மாணவர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்தார். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியர் ஆலோசகராக இருந்தார். ஹார்வர்டில் எலியட்டிற்குப் பின் தலைவரான லாரன்ஸ் லோவெல், ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் பரப்பும் வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தார். முதன்மைத் துறை, பொதுக் கல்வி என்ற இன்றைய பிரிவினைக்கு இது அடித்தளமாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்

1944 இல் இயற்றப்பட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டம், போரிலிருந்து திரும்பியோருக்குக் கல்விச் செலவை வழங்கியது. 1947 இல் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னாள் படைவீரர்கள். 1965 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் கூட்டரசின் நிதியுதவியை விரிவுபடுத்தியது. இரண்டு ஆண்டுப் படிப்பை வழங்கும் சமுதாயக் கல்லூரிகளும் பெருகின. இதனால் குடும்பத்தில் எவருமே கல்லூரி சென்றிராத முதல் தலைமுறை மாணவர்கள் பெருமளவில் வந்தனர். வீட்டில் கேட்டறிய வழியில்லாத அவர்களுக்குக் கல்லூரியின் விதிகளை எடுத்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். ஆசிரியர்களால் மட்டும் இதைச் சமாளிக்க இயலாததால் முழுநேர ஆலோசகர்கள் அமர்த்தப்பட்டனர்.

1972 இல் பர்ன்ஸ் குரூக்ஸ்டன், டெரி ஓ'பேனியன் ஆகிய இருவரும் தனித்தனியே வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையின் அடிப்படை எழுத்துகளாகக் கருதப்படுகின்றன. 1977 இல் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் ஆலோசகர்களின் முதல் தேசிய மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாக 1979 இல் நகாடா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தேசியக் கல்வி ஆலோசனைச் சங்கம் உருவானது. 1981 முதல் இச்சங்கம் ஆய்விதழ் ஒன்றை வெளியிட்டு வருகிறது.

ஆலோசகரின் பணிகள்

பாட வரிசையைத் திட்டமிடல்

பல பாடங்களுக்கு முன்தேவைப் பாடங்கள் உண்டு. முந்தையதில் தேர்ச்சி பெறாமல் அடுத்ததில் சேர இயலாது. எடுத்துக்காட்டாக, மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர் பொது வேதியியலில் இரண்டு பருவங்கள், கரிம வேதியியலில் இரண்டு பருவங்கள், பின்னர் உயிர்வேதியியலில் ஒரு பருவம் என ஐந்து பருவங்கள் தொடர்ச்சியாகப் படிக்க வேண்டியிருக்கும். முதல் பருவத்திலேயே தொடங்கினால் மூன்றாம் ஆண்டின் முதற்பாதியில் இது முடியும். இரண்டாம் ஆண்டில் தொடங்கினால் நான்காம் ஆண்டின் முதற்பாதி வரை நீளும். மருத்துவக் கல்லூரிகளுக்கு ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், அம்மாணவர் போதிய பாடங்களை முடிக்காமலே விண்ணப்பிக்கவோ, ஓராண்டு காத்திருக்கவோ நேரிடும்.

சில பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே நடத்தப்படும். அத்தகைய பாடத்தைத் தவறவிட்டவர், ஒரு பருவம் தாமதிப்பதாக எண்ணியிருப்பார்; உண்மையில் ஓர் ஆண்டு தாமதிப்பார். பொறியியல், செவிலியம், இசை போன்ற துறைகளில் பாட வரிசை இறுக்கமானது. வரலாறு, இலக்கியம் போன்றவற்றில் ஓரளவு நெகிழ்ச்சி உண்டு. ஆகவே, துறையை இன்னும் முடிவு செய்யாத மாணவரிடம், இறுக்கமான வரிசை கொண்ட துறைக்குரிய தொடக்கப் பாடங்களை முதலில் எடுக்குமாறு ஆலோசகர்கள் கூறுவதுண்டு. கணிதம் படித்தவர் பின்னர் வரலாற்றுக்கு மாறுவது எளிது. வரலாற்றிலிருந்து பொறியியலுக்கு மாறுவது அத்துணை எளிதன்று.

மதிப்பலகுச் சுமை

கூட்டரசு நிதியுதவி விதிகளின்படி ஒரு பருவத்தில் 12 மதிப்பலகுகள் எடுப்பவர் முழுநேர மாணவர் ஆவார். ஆனால் பருவத்திற்கு 12 வீதம் எட்டுப் பருவங்களில் 96 மதிப்பலகுகளே சேரும். பட்டத்திற்கு வேண்டிய 120 க்கு மேலும் 24, அதாவது இன்னும் ஓர் ஆண்டு தேவைப்படும். நான்கு ஆண்டுகளில் முடிக்கப் பருவத்திற்கு 15 வேண்டும். முழுநேர மாணவராக இருப்பதே போதும் என்று நம்பி ஓர் ஆண்டை இழப்போர் உள்ளனர். மறுபுறம், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு 15 என்பது தாங்க முடியாத சுமையாகி, தோல்வியில் முடியலாம். கோடைக்காலப் பாடங்களால் குறையை ஈடுசெய்வது போன்ற மாற்று வழிகளை ஆலோசகர் எடுத்துக்கூறுவார்.

தேர்ச்சிக் குறைவும் மீட்சியும்

மாணவரின் தேர்ச்சி 4.0 அளவுகோலில் சராசரித் தரப்புள்ளியாகக் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலான கல்லூரிகளில் இது 2.0 க்குக் கீழே சென்றால் மாணவர் எச்சரிக்கை நிலையில் வைக்கப்படுவார். நிலைமை தொடர்ந்தால் இடைநீக்கம் செய்யப்படலாம்.

இதில் காலம் முக்கியமானது. 30 மதிப்பலகுகள் முடித்து 1.8 தரப்புள்ளி பெற்ற ஒருவர், அடுத்த 15 மதிப்பலகுகளில் 2.4 பெற்றால் 2.0 ஐ எட்டிவிடலாம். அதே 1.8 உடன் 75 மதிப்பலகுகளை முடித்தவருக்கு அடுத்த 15 இல் 3.0 தேவைப்படும். முன்னது சற்றே கூடுதல் உழைப்பால் கைகூடும். பின்னது அதுவரை அவர் பெறாத தேர்ச்சியைக் கோருகிறது. எனவேதான் முதல் ஆண்டிலேயே தலையிட வேண்டும் என வலியுறுத்தப்படுகிறது.

பருவத்தின் நடுவே ஒரு பாடத்திலிருந்து விலகுவதற்குக் கெடுநாள் உண்டு. அதற்குள் விலகினால் விலகியதாக மட்டுமே பதிவாகும், தரப்புள்ளி குறையாது. கெடு தாண்டினால் தோல்வியாகப் பதிவாகும். ஆயினும் விலகலால் மதிப்பலகு எண்ணிக்கை குறைந்து நிதியுதவி பாதிக்கப்படலாம். இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுவது ஆலோசகரின் பணி.

நிதியுதவி தொடர்பான எச்சரிக்கைகள்

வருமானம் குறைந்த குடும்பங்களின் மாணவர்களுக்கு வழங்கப்படும் பெல் உதவித்தொகையை வாழ்நாளில் 12 முழுநேரப் பருவங்களுக்கு ஈடான அளவே பெற முடியும். இவ்வரம்பு 2012 முதல் நடைமுறையில் உள்ளது. மேலும், பட்டத்திற்கு வேண்டிய மதிப்பலகுகளில் ஒன்றரை மடங்குக்குள் படிப்பை முடிக்க வேண்டும் என்பது கூட்டரசு உதவிக்கான விதி. 120 வேண்டிய படிப்பில் 180 மதிப்பலகுகளுக்கு முயன்றும் முடிக்காதவர் உதவியை இழக்கிறார். தோல்வியுற்ற பாடங்களும் விலகிய பாடங்களும் இந்த 180 இல் சேரும். பலமுறை துறை மாறியவர்கள் இவ்வரம்பில் சிக்குவதுண்டு.

கல்லூரி மாறுதல்

சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு நான்கு ஆண்டுக் கல்லூரிக்கு மாறுவது செலவைக் குறைக்கும் வழி. ஆனால் புதிய கல்லூரி பழைய மதிப்பலகுகள் அனைத்தையும் ஏற்பதில்லை. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் தம் மதிப்பலகுகளில் சராசரியாக 43 விழுக்காட்டை இழந்ததாக அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2017 இல் மதிப்பிட்டது. எந்தக் கல்லூரிக்கு மாறப்போகிறார் என்பதை முதல் ஆண்டிலேயே முடிவுசெய்து, அங்கு ஏற்கப்படும் பாடங்களை மட்டும் எடுப்பதே இழப்பைக் குறைக்கும் வழி என ஆலோசகர்கள் கூறுகின்றனர்.

ஆலோசகர் வகைகள்

ஆசிரிய ஆலோசகர்

இவர் மாணவரின் துறையைச் சேர்ந்த பேராசிரியர். துறையின் உள்ளடக்கம், ஆய்வு வாய்ப்புகள், முதுநிலைப் படிப்பு, தொழில் வாய்ப்புகள் ஆகியவற்றை நேரடியாக அறிந்தவர். முதுநிலைப் படிப்புக்கான பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடியவரும் இவரே. சிறிய கல்லூரிகளில் இவ்வகையே மிகுதி. கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் இடையே ஆலோசனைக்கு நேரம் கிடைக்காமை, துறைக்கு வெளியேயுள்ள விதிகளை அறியாமை ஆகியன இதன் குறைகள்.

தொழில்முறை ஆலோசகர்

இவர் ஆலோசனைக்கென்றே அமர்த்தப்பட்ட முழுநேர அலுவலர். விதிகள், கெடுநாள்கள், துறை மாற்றம், நிதியுதவி ஆகியவற்றில் தேர்ச்சி உடையவர். பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் இவர்களே மிகுதி. ஒருவரிடம் நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒப்படைக்கப்படுவது இம்முறையின் பெருங்குறை. நகாடா 2011 இல் நடத்திய கணக்கெடுப்பில், ஒரு முழுநேர ஆலோசகருக்குரிய மாணவர் எண்ணிக்கையின் இடைநிலை அளவு 296 ஆக இருந்தது.

பல கல்லூரிகள் இரண்டையும் இணைத்துள்ளன. முதல் இரண்டு ஆண்டுகளில் தொழில்முறை ஆலோசகரும், துறையை அறிவித்த பின் ஆசிரிய ஆலோசகரும் பொறுப்பேற்பர். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறும் தருணத்தில் மாணவர் எவரையும் சந்திக்காமல் நழுவிவிடும் ஆபத்து உண்டு. இதைத் தடுக்க, ஆலோசகரைச் சந்திக்கும் வரை அடுத்த பருவத்திற்குப் பதிவு செய்ய முடியாதபடி தடை வைப்பது பல கல்லூரிகளில் வழக்கமாக உள்ளது.

அணுகுமுறைகள்

- விதிமுறைவழி ஆலோசனை: மாணவர் கேட்கிறார், ஆலோசகர் விடை கூறுகிறார். மருத்துவர் மருந்துச்சீட்டு எழுதித் தருவதற்கு இதனைக் குரூக்ஸ்டன் ஒப்பிட்டார். விதிகளைத் தெரிவிக்க இது விரைவான வழி.
- வளர்ச்சிநோக்கு ஆலோசனை: குரூக்ஸ்டன் பரிந்துரைத்த இம்முறையில் ஆலோசனையும் கற்பித்தலின் ஒரு வடிவமாகும். பொறுப்பு இருவருக்கும் உரியது. மாணவர் தாமே ஆராய்ந்து முடிவெடுக்கப் பழக்கப்படுகிறார்.
- ஐந்து படி முறை: ஓ'பேனியன் வகுத்தது. வாழ்க்கைக் குறிக்கோள், தொழிற் குறிக்கோள், படிப்புத் தேர்வு, பாடத் தேர்வு, கால அட்டவணை என்பதே சரியான வரிசை என்றார் அவர். நடைமுறையில் பல சந்திப்புகள் கடைசிப் படியான கால அட்டவணையிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன.
- முனைப்பான ஆலோசனை: மாணவர் வரும்வரை காத்திராமல் ஆலோசகரே தேடிச் செல்லும் முறை. ராபர்ட் கிளென்னன் 1975 இல் இதை முன்வைத்தார். உதவி அதிகம் தேவைப்படுபவர்களே உதவி கேட்கத் தயங்குகின்றனர் என்பது இதன் அடிப்படை.
- பாராட்டுமுறை ஆலோசனை: ஜெனிஃபர் புளூமும் பிறரும் 2000களில் உருவாக்கியது. குறைகளைவிட மாணவரின் வலிமைகளிலிருந்து உரையாடலைத் தொடங்குகிறது.

சட்டமும் பொறுப்பும்

1974 ஆம் ஆண்டின் குடும்பக் கல்வி உரிமைகள், தனியுரிமைச் சட்டத்தின்படி, உயர்கல்வியில் சேர்ந்த மாணவரின் கல்விப் பதிவேடுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்கு மாறுகிறது. மாணவரின் எழுத்துமூல ஒப்புதல் அல்லது சட்டம் குறிப்பிடும் விதிவிலக்கு இல்லாமல் ஆலோசகர் அவருடைய மதிப்பெண்களைப் பெற்றோரிடம் தெரிவிக்க இயலாது. கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கு இது வியப்பளிப்பதுண்டு. பெற்றோரை அவர்தம் பிள்ளையிடமே கேட்கச் சொல்வது ஆலோசகர்களின் வழக்கமான விடை.

பட்டத் தேவைகளை அறிந்து நிறைவேற்றும் பொறுப்பு மாணவருடையதே என்று கல்லூரிகளின் விதிநூல்கள் பொதுவாகக் கூறுகின்றன. ஆலோசகர் தவறாகச் சொன்னாலும் விதி மாறாது என்பது இதன் பொருள். நீதிமன்றங்களும் கல்வித் தகுதி பற்றிய முடிவுகளில் தலையிடத் தயங்குகின்றன. விதிவிலக்கான தீர்ப்புகளும் உள்ளன. 1966 இல் நியூயார்க்கில் நடந்த வழக்கொன்றில், வகுப்பில் அமராமலே இரு பாடங்களை முடிக்கலாம் எனத் துறையினர் கூறியதை நம்பிச் செயல்பட்ட புரூக்லின் கல்லூரி மாணவருக்குப் பின்னர் பட்டம் மறுக்கப்பட்டது. கல்லூரி தன் அலுவலர்களின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது எனக் கூறிய நீதிமன்றம், பட்டம் வழங்க ஆணையிட்டது. ஆலோசகரின் சொல்லை எழுத்தில் பெற்று வைப்பது மாணவருக்குப் பாதுகாப்பு என்பது இதிலிருந்து தெரிகிறது.

வெளிநாட்டு மாணவர்கள்

2023–24 கல்வியாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் 3,31,000 க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் பயின்றனர். அவ்வாண்டில் அங்கு பயின்ற வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே மிகுதி. எஃப்-1 நுழைவுரிமையில் உள்ள இளநிலை மாணவர் ஒவ்வொரு வழக்கமான பருவத்திலும் குறைந்தது 12 மதிப்பலகுகள் எடுத்தாக வேண்டும். இந்த 12 இல் இணையவழிப் பாடம் ஒன்று மட்டுமே கணக்கில் சேரும்.

இங்கு இரு ஆலோசகர்களின் வேறுபாட்டை அறிவது முக்கியம். கல்வி ஆலோசகர் பாடங்களைப் பற்றி மட்டுமே கூற வல்லவர். குடிநுழைவு விதிகள் பற்றிய அதிகாரம் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் உள்ள நியமன அலுவலருக்கே உண்டு. கடினமான பாடமொன்றிலிருந்து விலகுவது கல்வி நோக்கில் சரியான அறிவுரையாக இருக்கலாம். ஆனால் அதனால் 12 க்குக் கீழே சென்றால், முன்கூட்டியே நியமன அலுவலரின் அனுமதி பெறாத மாணவர் நாட்டில் தங்கும் தகுதியையே இழக்க நேரிடும். எனவே வெளிநாட்டு மாணவர் விலகலுக்கு முன் இருவரையும் சந்திப்பது இன்றியமையாதது.

பயன் பற்றிய ஆய்வுகள்

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007 இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் அசாப் எனும் திட்டத்தைத் தொடங்கியது. இதில் சேர்ந்தவர்கள் முழுநேரம் படிக்கவும் ஆலோசகரை அடிக்கடி சந்திக்கவும் வேண்டும். கட்டணச் சலுகை, பாடநூல், நகரப் போக்குவரத்துக்கான இலவச அட்டை ஆகியவை அவர்களுக்கு வழங்கப்பட்டன. ஓர் ஆலோசகரின் பொறுப்பில் 60 முதல் 80 மாணவர்களே இருந்தனர். திட்டத்திற்கு வெளியே இவ்வெண்ணிக்கை 600 முதல் 1,500 வரை இருந்தது.

இத்திட்டத்தை எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. ஏறத்தாழ 900 மாணவர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். மூன்று ஆண்டுகளில் அசாப் மாணவர்களில் 40 விழுக்காட்டினரும், மற்ற பிரிவில் 22 விழுக்காட்டினரும் பட்டம் பெற்றனர். ஒஹாயோவின் மூன்று கல்லூரிகளில் இதே முறை பின்பற்றப்பட்டபோதும் அதை ஒத்த முன்னேற்றம் காணப்பட்டது. பல உதவிகள் ஒருசேர வழங்கப்பட்டதால், இதில் ஆலோசனையின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துக் கூற முடியாது.

ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2012 இல் கணினிவழி எச்சரிக்கை முறையைத் தொடங்கியது. பழைய மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 800 க்கும் மேற்பட்ட அபாய அறிகுறிகள் கண்டறியப்பட்டன. தவறான பாடத்தில் பதிவு செய்தல், துறையின் முதல் பாடத்தில் குறைந்த மதிப்பெண் பெறுதல் போன்றவை அவற்றுள் சில. அறிகுறி தென்பட்டவுடன் ஆலோசகர் மாணவரைத் தொடர்புகொள்வார். இதற்கெனக் கூடுதல் ஆலோசகர்களும் அமர்த்தப்பட்டனர். 2003 இல் 32 விழுக்காடாக இருந்த இப்பல்கலைக்கழகத்தின் ஆறாண்டுப் பட்ட விகிதம் 2010களின் நடுப்பகுதியில் 50 விழுக்காட்டைத் தாண்டியது. இக்காலத்தில் நிதியுதவி உள்ளிட்ட வேறு சீர்திருத்தங்களும் நடைபெற்றன.

விமர்சனங்கள்

ஆலோசனை பல இடங்களில் வெறும் கையொப்பச் சடங்காகிவிட்டது என்பது பரவலான குறை. நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குப் பொறுப்பான ஒருவர், பதிவு நாள்களில் ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே ஒதுக்க இயலும். மாணவர் தயாரித்து வரும் பட்டியலுக்கு ஒப்புதல் அளிப்பதற்கு மேல் அந்நேரத்தில் எதுவும் நடப்பதில்லை. பேராசிரியர்களின் பதவி உயர்வில் ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் உள்ள மதிப்பு ஆலோசனைக்கு இல்லை என்பதும் சுட்டப்படுகிறது.

ஆலோசனை மாணவரின் குறிக்கோளைத் தாழ்த்தவும் கூடும் என்பது மற்றொரு விமர்சனம். சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் 1960 இல் எழுதிய கட்டுரையில், இரண்டு ஆண்டுக் கல்லூரியின் ஆலோசகர்கள் உயர் குறிக்கோள் கொண்ட மாணவர்களை மெல்ல மெல்லக் குறுகிய காலத் தொழிற்படிப்புகளுக்குத் திருப்பிவிடுவதை விவரித்தார். மாணவர் அதனைத் தமது சொந்த முடிவாகவே எண்ணிக்கொள்வர் என்று அவர் குறிப்பிட்டார். இயலாததை இயலாது எனச் சொல்வதற்கும், முயலவே விடாமல் தடுப்பதற்கும் உள்ள எல்லை இன்றும் விவாதிக்கப்படுகிறது.

கணினிவழிக் கணிப்புகளும் இதே ஐயத்தை எழுப்புகின்றன. சில பல்கலைக்கழகங்கள் பயன்படுத்திய கணிப்பு மென்பொருள்களில் மாணவரின் இனமும் ஒரு காரணியாகச் சேர்க்கப்பட்டிருந்ததை 2021 இல் வெளியான செய்தி ஆய்வொன்று வெளிப்படுத்தியது. முந்தைய தலைமுறையின் தோல்விகளை வைத்து இன்றைய மாணவரை எடைபோடுவது நியாயமன்று என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். அபாயத்தைக் காட்டுவது உதவி அளிப்பதற்காக மட்டுமே, துறையிலிருந்து விலக்குவதற்காக அன்று என்பது ஆதரவாளர்களின் விடை.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் மாணவர் பெரும்பாலும் சேரும்போதே துறையைத் தேர்ந்தெடுத்துவிடுவதால் பாடத்தேர்வு ஆலோசனையின் தேவை குறைவு. கேம்பிரிட்ஜில் படிப்பைக் கவனிக்கும் கல்வி இயக்குநரும், மாணவரின் நலனைக் கவனிக்கும் டியூட்டரும் வெவ்வேறு நபர்களாவர்.

இந்தியாவில் பெரும்பாலான பட்டப்படிப்புகள் நெடுங்காலம் முற்றிலும் வகுத்தமைக்கப்பட்ட பாடத்திட்டம் கொண்டவையாகவே இருந்தன. தேர்ச்சி பெறாத பாடங்களை அரியராக வைத்துக்கொண்டு அடுத்த பருவத்திற்குச் செல்லும் வழக்கமும் உண்டு. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் மதிப்பலகு முறையைக் கைக்கொண்டன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் விதிகளில், பாடத்திட்டமிடலுக்கு உதவக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான மாணவர்களை ஓர் ஆசிரிய ஆலோசகரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு இடம்பெற்றுள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு 2015 அளவில் விருப்பத்தெரிவு அடிப்படையிலான மதிப்பலகு முறையைப் பரவலாக்கியது. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஐத் தொடர்ந்து, 2021 இல் மதிப்பலகுகளைச் சேமித்து வைக்கும் கல்வி வங்கிக்கான விதிகள் வெளியாயின. மாணவரின் தெரிவுகள் பெருகும் அளவுக்கு, அவற்றின் விளைவுகளை எடுத்துச் சொல்வோரின் தேவையும் பெருகும் என்பதையே அமெரிக்க அனுபவம் காட்டுகிறது.

இவற்றையும் பார்க்க

- உயர்கல்வி
- சமுதாயக் கல்லூரி
- மதிப்பலகு முறை
- சராசரித் தரப்புள்ளி
- தொழில் வழிகாட்டல்